வெட்டு எண்ணிக் கொடுத்த தரம்: ஜப்பானிய வாட்கொல்லர்களின் 1797ஆம் ஆண்டு வரிசை

ஜப்பானிய வாள் விற்பனைக்கு வரும்போது அதைச் செய்த கொல்லரின் பெயருக்குப் பக்கத்தில் சில சமயம் 'சாய்ஜோ ஓ-வசாமோனோ' என்று எழுதியிருப்பார்கள். கூர்மையில் முதல் தரம் என்பது அதன் பொருள். அந்தத் தரத்தை வழங்கியது அருங்காட்சியகமோ ஆய்வுக்கூடமோ அல்ல. எடோ நகரில் (இன்றைய டோக்கியோ) மரண தண்டனைக் கைதிகளின் தலையை வெட்டிய ஒரு குடும்பம் வழங்கியது. 1797இல் வெளிவந்த 'கைஹோ கென்ஜாக்கு' என்னும் நூலில் அந்தத் தரவரிசை முதன்முதலாக அச்சேறியது. அது எப்படித் தயாரானது, எதை அளந்தது, எதை அளக்காமல் விட்டது என்பதே இந்த ஆய்வின் பொருள். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எண்ணிப் பார்த்து எழுதப்பட்ட பட்டியல் இது, ஆகவே மதிக்கத்தக்கது. ஆனால் அது எண்ணியது மிகக் குறுகிய ஒன்றை.

பின்னணி

வாள்களைத் தரம் பிரிக்கும் வழக்கம் அதற்கு முன்பே இருந்தது. ஹொன்அமி குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக வாளைத் தீட்டி, அது யார் கைவேலை என்று கண்டறிந்து, மதிப்பு குறித்துச் சான்றுத்தாள் எழுதித் தந்தார்கள். நாட்டை ஆண்ட படைத்தலைவரான எட்டாம் ஷோகன் தோகுகவா யோஷிமுனேயின் ஆணைப்படி 1719இல் ஹொன்அமி கோச்சு தொகுத்த புகழ்பெற்ற வாள்களின் பட்டியலில் அவாடகுச்சி யோஷிமிட்சு, மசாமுனே, கோ யோஷிஹிரோ ஆகிய மூன்று பழைய கொல்லர்களுக்கும் தனி மரியாதை உண்டு. பரம்பரை, இரும்பின் மேற்பரப்பில் தெரியும் அழகு, வாளை வைத்திருந்த பிரபுக்களின் பெயர் ஆகியவையே அந்த மதிப்பீட்டின் அடிப்படை. வாள் வெட்டுமா என்ற கேள்வி அதில் இல்லை.

கைஹோ கென்ஜாக்கு அந்தக் கேள்வியை மட்டுமே எடுத்துக்கொண்டது. நூலின் பின்னால் இருந்தவர் ஐந்தாம் யமடா அசாயெமோன் யோஷிமுட்சு. த்சுகே ஹெய்சுகே என்னும் சாமுராய் தொகுப்பு வேலையில் அவருடன் நின்றார். பெரிய போர் எதுவும் நடந்து ஒன்றரை நூற்றாண்டு கடந்திருந்த காலம் அது. 1638இல் ஷிமபாராக் கிளர்ச்சி அடங்கிய பிறகு சாமுராய்கள் இடுப்பில் இரண்டு வாள் செருகித் திரிந்தார்களே தவிர, அவற்றைப் போர்க்களத்தில் உருவிப் பார்த்தவர்கள் கிடையாது. தன் வாள் வெட்டுமா என்பதைச் சொந்த அனுபவத்தால் அறிய வழியில்லாத ஒரு வர்க்கத்துக்கு அந்தச் செய்தியை வேறு யாரோ சொல்ல வேண்டியிருந்தது.

சொல்லத் தகுதியுள்ளவர்கள் யமடா குடும்பத்தார். தலைமுறைதோறும் அசாயெமோன் என்ற பெயரையே தாங்கிய இவர்கள் ஷோகனின் வாள்களைச் சோதிக்கும் பணியை ஏற்றிருந்தார்கள். எடோவின் கொதென்மாச்சோ சிறையில் தலைவெட்டும் வேலையையும் செய்தார்கள். ஆனால் ஷோகனின் முறையான ஊழியர்களாக அவர்கள் சேர்க்கப்படவே இல்லை. சட்டப்படி எசமானன் இல்லாத ரோனின்களாகவே இருந்தார்கள். வருமானத்துக்கு மட்டும் குறைவில்லை. பிரபுக்களும் சாமுராய்களும் வாளைச் சோதித்துத் தரச் சொல்லிக் கூலி கொடுத்தார்கள். தண்டனை பெற்றவர்களின் உடல்கள் குடும்பத்தின் பொறுப்பில் விடப்பட்டன. அவற்றிலிருந்து எடுத்த ஈரலையும் பித்தப்பையையும் கொண்டு மருந்து செய்து விற்றார்கள்.

அளக்கும் முறை

இந்தச் சோதனை உயிருள்ளவர்மேல் நடந்ததல்ல. தலை வெட்டப்பட்ட உடலை மண்ணால் அமைத்த மேட்டின்மேல் கிடத்தி, அசையாமலிருக்க மூங்கில் முளைகளை அண்டக் கொடுத்து நிறுத்துவார்கள். வாளின் வழக்கமான கைப்பிடியைக் கழற்றிவிட்டு, சோதனைக்கென்றே செய்த நீண்ட, கனத்த பிடியை மாட்டுவார்கள். இரு கைகளாலும் தலைக்கு மேல் ஓங்கி ஒரே வீச்சில் இறக்குவார்கள். வெட்டு விழ வேண்டிய இடம் ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. தோளுக்கருகே ஒன்று, மார்புக் காம்புகளின் மட்டத்தில் ஒன்று, அதற்குக் கீழே விலாவில் சில, இடுப்பெலும்பின் குறுக்கே ஒன்று. இடுப்புக்கு 'ரியோகுருமா' என்று பெயர். எலும்பு தடித்த இடம் என்பதால் மிகக் கடினமானதாக அதைக் கருதினார்கள்.

நூலின் தர அளவுகோலில் இரண்டு செய்திகள் முக்கியமானவை. ஒன்று, உடல் எப்படிப்பட்டது என்பது. 30 முதல் 50 வயதுக்குள், கடின உழைப்பால் எலும்பும் தசையும் இறுகிய ஆணின் உடலே அளவை. மெலிந்த உடலை வெட்டிவிட்டுப் பெருமை பேச முடியாது. மற்றொன்று எண்ணிக்கை. அத்தகைய உடலின் மார்புப் பகுதியில் பத்து முறை வெட்டினால் எட்டு அல்லது ஒன்பது முறை நன்றாக வெட்டும் வாள்களைச் செய்தவர் சாய்ஜோ ஓ-வசாமோனோ. ஏழு, எட்டு என்றால் ஓ-வசாமோனோ. ஐந்து முதல் ஏழு வரை யோகி வசாமோனோ. இரண்டு முதல் நான்கு வரை வெறும் வசாமோனோ. இடையில் விழுந்தவர்களுக்குக் கலப்புத் தரம் ஒன்றும் இருந்தது.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஒருவர் "இந்தக் கொல்லர் உயர்ந்தவர்" என்று எழுதாமல் "இவருடைய வாள் பத்தில் எட்டு முறை வெட்டும்" என்று எழுதியிருக்கிறார். இதுதான் என்னை இந்த நூலிடம் இழுத்தது. தோல்விகளையும் கணக்கில் சேர்த்த தரம் இது. முதல் தரமே பத்துக்குப் பத்து அல்ல என்று ஒப்புக்கொள்ளும் பட்டியலை விளம்பரத்துக்காக யாரும் எழுத மாட்டார்கள்.

அதே எண்ணிக்கையின் பலவீனத்தையும் பார்க்க வேண்டும். நூறு முறை வெட்டினால் எழுபத்தைந்து முறை நன்றாக வெட்டக்கூடிய ஒரு வாளை எடுத்துக்கொள்வோம். அதற்குப் பத்து வாய்ப்பு மட்டும் கொடுத்தால், பாதிக்குச் சற்று அதிகமான தடவை அது எட்டோ அதற்கு மேலோ வெட்டி முதல் தரத்துக்குப் போகும். கால்வாசித் தடவை ஏழு வெட்டி நடுவில் நிற்கும். ஐந்தில் ஒரு தடவைக்கு மேல், ஆறும் அதற்குக் கீழும் வெட்டி மூன்றாம் தரத்தில் விழும். வாள் ஒன்றே, திறமும் ஒன்றே. முதல் தரத்துக்கும் இரண்டாம் தரத்துக்கும் இடையில் உள்ள கோடு மெல்லியது என்பதற்கு இந்தச் சிறு கணக்கு போதும். முதல் தரத்துக்கும் நான்காம் தரத்துக்கும் இடையிலான தூரம் அப்படியல்ல. அது தற்செயலால் விளைவது கடினம்.

இன்னொன்று, வெட்டுவது வாள் மட்டும் அல்ல. தீட்டியவர் விளிம்பில் எவ்வளவு சதைப்பற்று விட்டார், முதுகு எவ்வளவு தடிமன், நுனி எவ்வளவு குறுகியது, வீசியவரின் கை எந்தக் கோணத்தில் இறங்கியது என்பதெல்லாம் சேர்ந்தே முடிவைத் தருகின்றன. இதில் யமடா குடும்பத்துக்கு ஒரு வலு இருந்தது. ஒரே பள்ளியில் பயின்ற கைகள், ஒரே மேடு, ஒரே பிடி. வீசுபவரின் வேறுபாடு பெருமளவு குறைந்துபோனது. தீட்டலின் வேறுபாட்டை அவர்களால் அப்படி நீக்க முடியவில்லை.

யாருடைய உடல்கள்

இந்தப் பகுதியை விட்டுவிட்டு வாள்களைப் பற்றி மட்டும் பேசுவது நியாயமல்ல. எடோ சட்டத்தில் மரண தண்டனைக்குப் பல படிகள் இருந்தன. 'கெஷுனின்' என்ற படியில் தலையை வெட்டுவதோடு தண்டனை முடிந்துவிடும்; உடல் சோதனைக்குப் போகாது. சண்டையில் ஒருவரைக் கொன்றவன் போன்றோருக்கு அது விதிக்கப்பட்டது. 'ஷிசாய்' அதைவிடக் கடுமையானது. சொத்து பறிமுதலாகும், உடலும் வாள் சோதனைக்குப் போகும். 1742இல் தொகுக்கப்பட்ட சட்டத்தின்படி பத்து ரியோ (அக்காலத் தங்க நாணயம்) அல்லது அதற்கு மேல் திருடியவனுக்கு ஷிசாய். ஆக, ஆத்திரத்தில் ஆளைக் கொன்றவனின் உடல் தப்பியது, பணம் திருடியவனின் உடல் மண்மேட்டில் ஏறியது. உழைத்து இறுகிய நடுத்தர வயது ஆண் என்று அளவுகோல் கேட்டதற்கு ஏற்ப, அந்த மேட்டில் கிடந்தவர்களில் கூலிக்காரர்களும் சுமை தூக்கியவர்களும் இருந்திருப்பார்கள் என்று எண்ணுவதில் தவறில்லை. கொல்லர்களின் பெயர் ஊர் வாரியாக, தலைமுறை வாரியாகப் பதிவாயிற்று. தரத்தைத் தந்த உடல்களுக்கு ஒரு வரிகூட இல்லை. இந்தப் பட்டியலைப் பாராட்டி எழுதும் பலர் இதைக் கடந்துபோவது எனக்கு வருத்தம் தருகிறது.

பட்டியலில் நின்றவர்கள்

1797இல் முதல் தரத்தில் பன்னிரண்டு பேர். 1805 மறுபதிப்பில் ஒருவர் சேர்ந்தார். யோஷிமுட்சு விரிவாக்க, 1830இல் வெளிவந்த 'கோக்கோன் காஜி பிக்கோ'வில் மேலும் இருவர் சேர, மொத்தம் பதினைந்து. மூன்று பதிப்புகளுக்கிடையே வரிசை அசைந்தது என்பதே சோதனை தொடர்ந்து நடந்ததற்குச் சான்று.

அந்தப் பெயர்களைப் பார்த்தால் காலக் கணக்கில் ஒரு சாய்வு தெரியும். பிசென் நாட்டு ஒசாஃபுனேயின் ஹிதேமிட்சு, மோதோஷிகே, மினோ நாட்டின் மகோரொக்கு கானேமோதோ போன்ற பழையவர்கள் சிலர் உண்டு. பெரும்பான்மை 1600க்குப் பிறகு வேலை செய்தவர்கள்: சாகாவில் நபேஷிமா பிரபுவுக்கு வேலை செய்த முதலாம் தாதாயோஷி, அவர் வழிவந்த மூன்றாம் தாதாயோஷி, செண்டாயில் தாதே பிரபுவின் கீழிருந்த குனிகானே, ஐசுவின் மியோஷி நாகாமிச்சி, ஒசாகாவின் தாத்தாரா நாகாயுகி, எடோவின் நாகசோனே ஒகிசாதோ, அவருடைய வாரிசு ஒகிமாசா. இதற்குக் காரணம் பழையவர்கள் மட்டமானவர்கள் என்பதாக இருக்க முடியாது. அறுநூறு ஆண்டுப் பழமையான, ஒரு கோட்டையின் விலை பெறும் வாளை எந்தப் பிரபு மண்மேட்டுக்கு அனுப்புவார்? எலும்பில் பட்டு விளிம்பு சிதறினால் யார் பொறுப்பு? மசாமுனே, யோஷிமிட்சு, யோஷிஹிரோ மூவரும் பட்டியலில் இல்லை. ஷோகனின் குடும்பம் போற்றும் பெயர்களுக்கு இரண்டாம் தரம் என்று எழுதும் துணிவு ஒரு ரோனினுக்கு இருந்திருக்காது என்றும் கருதுகிறார்கள். அதுவும் பொருத்தமான விளக்கமே.

முராமாசாவின் பெயர் இல்லாதது வேறு வகை. கூர்மைக்குப் பெயர்போன இசே நாட்டுக் கொல்லர் அவர். 1535இல், முதல் தோகுகவா ஷோகனான இயேயாசுவின் தாத்தா மட்சுதைரா கியோயாசு முராமாசா வாளால் கொல்லப்பட்டார் என்பதிலிருந்து, தோகுகவா குடும்பத்துக்கு அந்த வாள் ஆகாது என்ற நம்பிக்கை வளர்ந்தது. ஷோகனின் தயவில் பிழைக்கும் குடும்பம் அந்தப் பெயரை முதல் தரத்தில் அச்சிட்டிருக்க முடியுமா?

இருப்பவர்களில் என்னை மிகவும் சிந்திக்க வைப்பது ஒசாகாவின் சுகேஹிரோ தந்தையும் வளர்ப்பு மகனும். தந்தை 'சொபோரோ' சுகேஹிரோ முதல் தரம். மகன் த்சுதா எச்சிசென்-நோ-காமி சுகேஹிரோ இரண்டாம் தரம். வாள் அழகில் மகனே பெரியவர். 1637இல் பிறந்து 1682இல் மறைந்த அவர், சூடான வாளை நீரில் தோய்க்கும்போது விளிம்பை ஒட்டி உருவாகும் வெண்கோட்டைக் கடலலை புரள்வதுபோல் அமைக்கும் முறையைக் கண்டவர். பின்னால் வந்த எத்தனையோ பேர் அதைப் பார்த்துப் பழகினார்கள். சேகரிப்பவர்கள் மகனின் வாளுக்குத் தவம் கிடக்க, சோதனை மேடு தந்தையை மேலே வைத்தது. அழகுக்கும் வெட்டுக்கும் தனித்தனித் தராசு வேண்டும் என்று இந்த ஒரு குடும்பமே காட்டிவிடுகிறது. ஹொன்அமி வழி வந்த மதிப்பீட்டை மட்டும் நம்பியிருந்தால் இது வெளியே வந்திருக்காது.

எடோவின் யமாதோ-நோ-காமி யாசுசாதா இன்னொரு வகை எடுத்துக்காட்டு. பதினேழாம் நூற்றாண்டில் யமானோ காயெமோன் நாகஹிசா என்ற சோதனையாளர் இருந்தார். இரண்டு உடல்களை அடுக்கி வெட்டியது, மூன்றை வெட்டியது என்று வாளின் காம்பில், அதாவது கைப்பிடிக்குள் மறையும் பகுதியில், தங்கத்தால் பதித்துக் கொடுப்பார். யாசுசாதாவின் வாள்களில் அத்தகைய பதிவுகள் ஏராளம். ஆனால் யமடாவின் பட்டியலில் அவர் மூன்றாம் தரம். தங்க எழுத்து சொல்வது அந்த வாளின் மிகச் சிறந்த ஒரு வெட்டை. தரப்பட்டியல் கேட்டது அதே கொல்லரின் வேலை எத்தனை முறை தவறாமல் வெட்டும் என்பதை. இரண்டையும் ஒன்றாக எண்ணும் பழக்கம் இன்றும் வாள் ஆர்வலர்களிடம் இருக்கிறது.

கொதேட்சுவின் புகழ்

ஒகிசாதோ என்றால் பலருக்குத் தெரியாது. அவருடைய இன்னொரு பெயரான கொதேட்சு என்றால் ஜப்பானில் பள்ளிப் பிள்ளைகூட அறியும். எச்சிசெனில் கவசம் செய்பவராக இருந்தவர். ஏறத்தாழ ஐம்பது வயதில் எடோவுக்கு வந்து வாள் செய்யத் தொடங்கினார், 1678இல் இறந்தார். வாளைத் தடுக்கும் இரும்பை அரை வாழ்நாள் அடித்தவர் வாளுக்கு மாறியது அவருடைய வேலையின் உறுதிக்குக் காரணம் என்று பலர் நம்புகிறார்கள், நானும் அப்படியே நினைக்கிறேன். யமானோ நாகஹிசாவின் தங்கப் பதிவுகள் அவர் உயிரோடிருக்கும்போதே அவர் வாள்களில் ஏறின.

1797 பட்டியல் வந்தபோது கொதேட்சுவுக்குக் கிராக்கி கூடியது. கிராக்கியுடன் போலிகளும் பெருகின. கொதேட்சு என்ற கையெழுத்தைக் கண்டால் போலி என்றே எண்ணு என்று சொல்லும் அளவுக்கு நிலை போனது. தரப்பட்டியல் வாளை அளக்க வந்தது, அளந்த பிறகு சந்தையையே மாற்றிவிட்டது. மாறிய சந்தையிலிருந்து அடுத்த சோதனைக்கு வரும் வாள் அசல்தானா என்ற கேள்வியும் அதோடு பிறந்தது. அவர் தம் கையெழுத்தின் வடிவத்தை இடையில் மாற்றியிருந்தது போலி செய்பவர்களுக்கு இரண்டு மாதிரிகளைக் கொடுத்தது.

ஷோகன் தரப்பின் காவல் படையான ஷின்சென்குமியின் தலைவர் கோண்டோ இசாமியின் கதை இதோடு ஒட்டியது. 1864இல் கியோத்தோவின் இகேதாயா விடுதியில் நடந்த மோதலுக்குப் பிறகு, மற்றவர்களின் வாள்கள் சேதப்பட்டன, தன் வாள் கொதேட்சு என்பதாலோ என்னவோ பழுதின்றி இருந்தது என்ற பொருளில் ஊருக்குக் கடிதம் எழுதினார். அந்த வாள் உண்மையான கொதேட்சு அல்ல, மினாமோதோ கியோமாரோ செய்த வாளில் போலிக் கையெழுத்து வெட்டியது என்றொரு பேச்சு நெடுநாளாக உண்டு. போலியாகவே இருந்தாலும் அன்றிரவு அது தாங்கியது.

முறியுமா என்ற கேள்வி

பட்டியல் கேட்காத பெரிய கேள்வி இது. கவசமில்லாத, அசையாத உடலின்மேல் விழும் வெட்டு வாளின் கூர்மையைக் காட்டும். எதிராளியின் வாளையோ தலைக்கவசத்தையோ தாக்கினால் அது நிற்குமா என்பதைக் காட்டாது. யோஷிமுட்சுவின் காலத்திலேயே கொல்லர் சுய்ஷின்ஷி மாசாஹிதே, பகட்டான தோய்ச்சல் கோடுள்ள வாள்கள் எளிதில் முறிகின்றன, பழைய முறைக்குத் திரும்புங்கள் என்று எழுதியும் கற்பித்தும் வந்தார்.

1853இல் ஷினானோ நாட்டின் மட்சுஷிரோவில், சனாதா பிரபுவின் ஆட்கள் அந்தக் கேள்வியை நேராகக் கேட்டார்கள். வைக்கோல் கட்டில் தொடங்கி, மான் கொம்பு, இரும்பு, தலைக்கவசம் என்று ஏற்றிக்கொண்டே போய், கடைசியில் இரும்புத் தடியால் வாளையே அடித்து, எத்தனை அடியில் வளைகிறது, எப்போது முறிகிறது என்று எழுதி வைத்தார்கள். மாசாஹிதேயின் புகழ்பெற்ற மாணவர் தைக்கே நவோதானேயின் வேலை அங்கே தோற்றது. உள்ளூர்க் கொல்லர் யமாவுரா மாசாவோவின் வாள் அடிமேல் அடி வாங்கி நின்றது. மேலே சொன்ன கியோமாரோவின் அண்ணன் இவர். மனித உடல் தேவைப்படாத இந்தச் சோதனை, போருக்கு வாள் வாங்குபவனுக்கு யமடாவின் பட்டியலைவிடப் பயனுள்ளது என்பது என் கருத்து. ஆனால் அது ஒரு பிரபுவின் தேவைக்காக ஒரு முறை நடந்தது, நூற்றுக்கணக்கான கொல்லர்களுக்கு விரியவில்லை. விரிய நேரமும் இல்லை. அதே ஆண்டு கோடையில் அமெரிக்கக் கடற்படைத் தளபதி பெர்ரியின் கப்பல்கள் எடோ விரிகுடாவில் வந்து நின்றன.

பிறகு

1870இல், ஷோகன் ஆட்சிக்குப் பின் வந்த மெய்ஜி அரசு, தண்டனை பெற்றவர்களின் உடலில் வாள் சோதிப்பதையும் உடலுறுப்பிலிருந்து மருந்து செய்வதையும் தடை செய்தது. யமடா குடும்பத்தின் வருமானம் அத்தோடு அற்றது. தலைவெட்டும் வேலை மட்டும் மேலும் சில ஆண்டுகள் இருந்தது. 1882இல் புதிய குற்றவியல் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் அதுவும் நின்றது.

தரங்கள் நிற்கவில்லை. இருபதாம் நூற்றாண்டில் ஃபுஜிஷிரோ சகோதரர்கள் கொல்லர்களின் கைத்திறனுக்கு வேறொரு வரிசை வகுத்தார்கள். இன்று விற்பனைக் குறிப்புகளில் அந்தத் தரமும் யமடாவின் தரமும் அருகருகே அச்சாகின்றன. 1948இல் தொடங்கப்பட்ட ஜப்பானியக் கலைவாள் பாதுகாப்புச் சங்கம் வழங்கும் சான்றிதழ்கள் கையெழுத்தின் உண்மையையும் வாளின் நிலையையும் கலை மதிப்பையும் பார்க்கின்றன; வெட்டிப் பார்ப்பதில்லை. சாய்ஜோ ஓ-வசாமோனோ என்று எழுதிய வாளை வாங்குபவர் பெறுவது அந்த வாளைப் பற்றிய செய்தி அல்ல, அதே கொல்லரின் வேறு வாள்கள் இருநூறு ஆண்டுகளுக்கு முன் நடந்துகொண்ட விதம் பற்றிய செய்தி. கையெழுத்து அசல் என்று உறுதியான பின்னரே அந்தச் செய்திக்கும் மதிப்பு.